டெட்ராய்ட் என்றாலே இடிந்த வீடுதானா? சினிமா காட்டும் ஊரும் அங்கே இருக்கும் ஊரும்

மலைக்கோட்டைக்காரன்

வணக்கம். டெட்ராய்ட்டில் இருக்கும் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். போன வாரம் வரை வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அம்மா அதிரசம் சுட்டு சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை, "அண்ணன் போற ஊர்ல நடக்கிற கதைம்மா" என்று 'டோன்ட் ப்ரீத்' படத்தைப் போட்டுவிட்டாள். பார்வையில்லாத முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் வீட்டுக்குள் மூன்று பேர் திருடப் போகிற கதை. தெரு முழுக்கக் காலி வீடுகள். உள்ளே என்ன நடந்தாலும் ஏனென்று கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. பாதியிலேயே அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று இரவிலிருந்து, "அந்த ஊர் வேண்டாம், இன்னொரு வருஷம் ஆனாலும் வேற இடம் பாரு" என்பதுதான் பேச்சு.

சமாதானம் சொல்லலாம் என்று நானும் தேடிப் பார்த்தேன். 'ரோபோகாப்', 'தி க்ரோ' என்று எதைத் தொட்டாலும் தீ, துப்பாக்கி, பாழடைந்த கட்டடம். இப்போது எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். படங்களில் வருவது எவ்வளவு தூரம் நிஜம்? அம்மாவிடம் காட்டுகிற மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா?

பழைய ரீல்

தம்பி, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அவர் பார்த்துப் பயந்த தெருவில் பெரும்பகுதி டெட்ராய்ட்டே கிடையாது. 2016இல் வந்த அந்தப் படத்தை எடுத்தது பெரும்பாலும் ஹங்கேரியில்.

நான் சென்னையில் இருப்பவன், அமெரிக்கா போனதில்லை. ஆனால் எந்தப் படத்தை எந்த ஊரில் எடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது 20 வருடப் பழக்கம். டெட்ராய்ட் மாதிரி வேறொரு ஊருக்கு இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. 1987இல் வந்த 'ரோபோகாப்' படத்தின் டெட்ராய்ட் பெரும்பாலும் டெக்சஸின் டாலஸ் நகரம். அந்தக் கொடூரமான கம்பெனியின் தலைமையகமாக வருவது டாலஸ் நகராட்சிக் கட்டடம். 1994இன் 'தி க்ரோ' எடுக்கப்பட்டது வட கரோலினாவின் வில்மிங்டனில். 1967 கலவரத்தைப் பற்றி 'டெட்ராய்ட்' என்று பெயரே வைத்து 2017இல் ஒரு படம் வந்ததே, அதையும் பெரும்பாலும் மாசசூசெட்ஸில்தான் எடுத்தார்கள். 2022இல் வந்த 'பார்பேரியன்' என்ற திகில் படத்தில் பிரைட்மூர் என்ற டெட்ராய்ட் பகுதி வரும். அந்தத் தெருவை பல்கேரியாவில் செட் போட்டுக் கட்டினார்கள். டெட்ராய்ட்டின் இடிந்த வீடு வேண்டும் என்று ஐரோப்பாவில் புதிதாகத் தச்சர்களை வைத்துக் கட்டி, அதைப் பாழடைந்தது மாதிரி ஆக்கியிருக்கிறார்கள்!

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. மிஷிகன் மாநில அரசு 2008இல் சினிமாக்காரர்களுக்குச் செலவில் 42 சதவீதம் வரை திருப்பித் தரும் சலுகையைக் கொண்டுவந்தது. கேமராக்கள் டெட்ராய்ட்டுக்கு வந்தன. ஆனால் வந்த படங்களில் பல அந்த ஊரை வேறு ஊராகக் காட்டின. 'ரெட் டான்' படத்தின் மறுபதிப்பில் டெட்ராய்ட்டும் சுற்று வட்டாரமும் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரமாக வரும். 2015இல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, டெட்ராய்ட் என்று காட்டியது டெட்ராய்ட் இல்லை. டெட்ராய்ட்டை எடுத்தபோது அதன் பெயரைச் சொல்லவில்லை.

ட்ராய்வாசி

பழைய ரீல் சொன்னது அப்படியே உண்மை. நான் ட்ராய் என்ற புறநகரில் 14 வருடமாக இருக்கிறேன், கார் துறையில் வேலை. இங்கே நம் ஆட்கள் நிறைய. ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் எல்லாம் நகரத்துக்கு வெளியே இருக்கும் தனித்தனி ஊர்கள். "டெட்ராய்ட்டில் இருக்கிறேன்" என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். ஆனால் எட்டு மைல் சாலையைத் தாண்டி நகருக்குள் கால் வைக்காமலே பத்து வருடம் ஓட்டியவர்கள் எனக்குத் தெரியும். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நேரில் பட்ட அனுபவம் எதுவும் காரணம் இல்லை. வருவதற்கு முன் பார்த்த படங்கள்தான் காரணம்.

அதை மாற்றியது என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெரியவர். நகரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை சாமான் இறக்க உதவிக்குப் போனேன். படத்தில் வருகிற தெரு மாதிரியே இருந்தது. ஒரு வரிசையில் இருபது வீடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்றே வீடு. மற்றதெல்லாம் வெற்று மனை. ஆனால் அந்த மனைகளில் ஒன்றில்கூடப் புதர் மண்டவில்லை. புல் ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தது. யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாதான். வயது 76. இடப்பக்கம் இரண்டு மனை, வலப்பக்கம் மூன்று, எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் வெட்டிவிடுவாராம். "அங்கே இருந்தவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள்" என்றார். ஒவ்வொரு மனையையும் கை காட்டி, இது தபால்காரர் வீடு, இது சர்ச்சில் பியானோ வாசிப்பவர் வீடு என்று சொன்னார். திண்ணை மாதிரி முன்னால் ஒரு மரத்தாழ்வாரம், அதில் இரண்டு நாற்காலி, பெயின்ட் அடித்த பூந்தொட்டி. எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்.

அந்தத் தெருவைப் படம் பிடிக்க வரும் ஒருவர் கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் அந்த அம்மா ஃப்ரேமுக்குள் வந்துவிடுவார். திருப்புவதில்லை. ஆள் இல்லாமல் இருந்தால்தான் படம் எடுபடும் என்று நினைக்கிறார்கள். 2010 வாக்கில் பெரிய பெரிய புகைப்படப் புத்தகங்களே வந்தன. உடைந்த பியானோ, கூரை இடிந்த நாட்டிய மண்டபம், நூலகத்தில் சிதறிய புத்தகங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் மனித முகம் தட்டுப்படாது. அந்தச் சமயத்தில் சுமார் ஏழு லட்சம் பேர் அந்த நகரத்துக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

காலியாகத் தெரிவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. டெட்ராய்ட் ரொம்பப் பரந்த ஊர். சுமார் 139 சதுர மைல். அதற்குள் மன்ஹாட்டன், பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ மூன்றையும் வைத்துவிடலாம் என்பார்கள். அடுக்குமாடிகள் குறைவு, தனித்தனி வீடுகள்தான் அதிகம். ஜனம் குறையும்போது வீடு வீடாக உதிர்ந்து நடுநடுவே இடைவெளி விழுந்துவிட்டது.

நீங்கள் படிக்கப் போகும் இடம் மிட்டவுன். கலை அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் நடக்கும் தூரம். வுட்வர்ட் அவென்யூவில் டிராம் ஓடுகிறது. பயம் வேண்டாம்.

பட்டறை

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறேன். இழையைப் படித்ததும் ஒன்று தோன்றியது. டெட்ராய்ட் என்ற பெயரை நான் முதலில் கேட்டது சினிமாவில் இல்லை, செய்தித்தாளில். "ஆசியாவின் டெட்ராய்ட் சென்னை" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஐடிஐ முடித்த காலத்தில் எங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேலை, சம்பளம், கம்பெனி பஸ். ஹூண்டாய் வந்தது, ஃபோர்டு வந்தது, அவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள் வந்தன.

2013இல் டெட்ராய்ட் நகராட்சி திவால் என்று செய்தி வந்தபோது எங்கள் ஷிஃப்டில் எல்லோரும் அதையே பேசினோம். அப்புறம் 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்து, மறைமலை நகர் ஆலையில் வேலை நின்றது. அந்தப் பெயரோடு வேறு என்னவெல்லாம் சேர்ந்து வரும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் அந்த ஊரை வெறும் பேய் வீடாகக் காட்டும் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. அங்கே மூடிய ஒவ்வொரு ஆலையிலும் எங்களை மாதிரி ஆட்கள் டிபன் பாக்ஸோடு உள்ளே போய் வந்திருப்பார்கள்.

நேர்கோடு

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு பையனையும் அவன் அம்மாவையும் அரை உண்மை சொல்லி அனுப்பக் கூடாது. நான் 2009 முதல் 2012 வரை நகரத்துக்குள்ளேயே வாடகைக்கு இருந்தவன். என் கார் கண்ணாடியை இரண்டு முறை உடைத்தார்கள். குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எங்கள் தெருவில் விளக்கே எரியாது. நகரம் திவாலான சமயத்தில் தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை என்று அரசாங்க அறிக்கையே சொன்னது. 1950இல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 6,39,111. கடன் சுமார் 1,800 கோடி டாலர். இதெல்லாம் ஹாலிவுட்காரர்கள் உட்கார்ந்து எழுதிய கதை இல்லை.

'தி க்ரோ' படத்தில் ஹாலோவீனுக்கு முதல் நாள் இரவு ஊரைக் கொளுத்துவார்களே, அதுவும் கற்பனை கிடையாது. அக்டோபர் 30 இரவில் தீ வைப்பது டெட்ராய்ட்டில் ஒரு காலத்தில் வழக்கமாகவே ஆகியிருந்தது. 1984இல் அந்த நாட்களில் 800க்கும் மேற்பட்ட தீ விபத்துகள். அப்புறம் ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் ராத்திரி முழுக்க ரோந்து சுற்றித்தான் அதை அடக்கினார்கள். தீ வைத்தது படமாகிவிட்டது, ரோந்து சுற்றியவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

படங்கள் பொய் சொல்கின்றன என்பது என் வாதம் இல்லை. விளைவை மட்டும் காட்டுகிறார்கள், ஏன் அப்படி ஆனது என்று ஒரு காட்சிகூட வைப்பதில்லை. இடிந்த வீட்டைப் பார்க்கிறவர்கள், அங்கே இருந்தவர்களே மோசமானவர்கள் போல என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

மலைக்கோட்டைக்காரன்

நேர்கோடு அண்ணா, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஏன் அப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் சொல்வீர்களா? 'எட்டு மைல்' என்று ட்ராய்வாசி அண்ணா சொன்னார். ராப் பாடகர் எமினெம் நடித்த படத்தின் பெயரும் அதுதானே?

நேர்கோடு

அதேதான். 2002இல் வந்த படம், டெட்ராய்ட் வட்டாரத்திலேயே எடுத்தது. எட்டு மைல் சாலை நகரத்தின் வட எல்லை. தெற்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் டெட்ராய்ட், வடக்கே நீண்ட காலம் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த புறநகர்கள். படத்தில் அது ஒரு கோடு. நிஜத்தில் அந்தச் சாலைக்குத் தெற்கே ஒரு சுவரே இருக்கிறது.

1941இல் கட்டியது. கறுப்பினத்தவர் ஏற்கெனவே குடியிருந்த பகுதியை ஒட்டி ஒரு மனை வியாபாரி வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்தார். கறுப்பினத்தவர் பக்கத்தில் இருந்தால் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பினால் தருகிறோம் என்று ஆனது. எழுப்பினார். ஆறடி உயரம், சுமார் அரை மைல் நீளம். நான் போய்ப் பார்த்தேன். சாதாரண கான்கிரீட் சுவர், வீடுகளின் கொல்லைப்புறத்தில் போகிறது. ஒரு இடத்தில் அதை ஒட்டியே விளையாட்டுத் திடல், அங்கே சுவர் முழுக்க ஓவியம் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இதே காலத்தில்தான் ஆலைகள் புறநகருக்கு நகர்ந்தன. கடன் கிடைத்தவர்கள் பின்னாலேயே போனார்கள். கறுப்பினத்தவரின் கடைகளும் ஜாஸ் கிளப்புகளும் நிறைந்திருந்த பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி பகுதிகளை இடித்துத் தள்ளி நெடுஞ்சாலை போட்டார்கள். 1967 ஜூலையில் கலவரம் வெடித்து 43 பேர் செத்தார்கள். ஊர் காலியானது அதற்கு அப்புறம்தான் என்று படங்கள் பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். ஜனத்தொகை 1950களிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது.

நம் ஊர்களில் ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது.

இசைத்தட்டு

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு பேசியும் யாரும் பாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே! டெட்ராய்ட்டைப் படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். ஆனால் உலகம் கேட்ட டெட்ராய்ட் இசை பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள் போட்டது. அந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது பாட்டில்தான். அதைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் கிடைக்கும்.

பெர்ரி கோர்டி என்பவர் லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் பாகங்களைக் கோத்துக் காராக்கும் வரிசையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டமாக ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் பளபளவென்று புதுக் காராக வருவதைப் பார்த்து, பாட்டையும் பாடகர்களையும் இப்படி உருவாக்கினால் என்ன என்று யோசித்தார். 1959இல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். மோட்டார் டவுன் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று பலகை எழுதி மாட்டினார். எந்தப் பாட்டை வெளியிடலாம் என்று முடிவு செய்யும் வாராந்தரக் கூட்டத்துக்கு ஆலையில் வைப்பது மாதிரியே தரக் கட்டுப்பாடு என்று பெயர். டயானா ராஸ், ஸ்மோக்கி ராபின்சன், மார்வின் கே எல்லாம் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவர்கள்.

நான் 2019இல் அங்கே போயிருக்கிறேன், இப்போது அருங்காட்சியகம். ஸ்டுடியோ ஏ நம் வீட்டுக் கூடம் அளவுக்குத்தான் இருக்கும். கால் தாளம் போட்டுப் போட்டுத் தரை தேய்ந்த இடத்தைக் காட்டுகிறார்கள். மேல் மாடியில் கூரையில் ஒரு ஓட்டை. அதன் அடியில் நின்று கை தட்டினால் சத்தம் எங்கேயோ போய்த் திரும்பி வருகிறது. எதிரொலிக் கருவி வாங்கப் பணம் இல்லாத காலத்தில் பரணையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் இருந்த பாட்டி ஒருவர் அதன் அடியில் நின்று மெதுவாகப் பாடினார். கடைசி வரி முடிந்த பிறகும் அவர் குரல் ஒரு நொடி அங்கேயே நின்றது.

மலைக்கோட்டைத் தம்பி, இந்த ஒரு விஷயத்தை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வீட்டில் ஒரு பழைய மிட்டாய் இயந்திரம் இருக்கிறது. ஸ்டீவி வொண்டர் 11 வயதில் மோட்டவுனுக்கு வந்தவர், பார்வையில்லாதவர். அவருக்குப் பிடித்த சாக்லேட்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வைப்பார்களாம், யாரையும் கேட்காமல் அவரே தடவி எடுத்துக்கொள்ளும்படி. அம்மா படத்தில் பார்த்ததும் டெட்ராய்ட்டில் ஒரு பார்வையில்லாதவரின் வீடுதான். இதுவும் டெட்ராய்ட்டில் ஒரு பார்வையில்லாத பிள்ளை வந்து போன வீடு. இந்த வீடு நிஜம்.

மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. அதோடு முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. 1980களில் பெல்வில் என்ற புறநகர்ப் பள்ளியில் படித்த மூன்று கறுப்பின நண்பர்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், மலிவான சின்தசைசர்களை வைத்துக்கொண்டு டெக்னோ என்ற மின்னணு நடன இசையை உருவாக்கினார்கள். ஆலைகள் ஓய்ந்துகொண்டிருந்த ஊரில் எந்திரத்தின் சத்தத்தையே பாட்டாக மாற்றினார்கள். பெர்லின் இரவு விடுதிகளில் இன்றைக்கும் ஓடுவது அதுதான். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ஹார்ட் பிளாசாவில் டெக்னோ திருவிழா நடக்கிறது. அப்புறம் ஹிப் ஹாப்பில் ஜே டில்லா, எமினெம். நடுவில் பாடகி அரேதா ஃபிராங்க்லினை விட்டுவிட்டேன். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனி இழையே வேண்டும்.

ஆற்றங்கரை

வணக்கம். நான் கனடாவில், விண்ட்சரில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். தாதியாக வேலை, அதுவும் டெட்ரொயிட்டில். எங்களைப் போல நிறையத் தாதிமார் தினமும் ஆற்றைக் கடந்து அங்கே வேலைக்குப் போய் வருகிறோம்.

உங்களுக்கு ஒன்று தெரியுமோ? 1981இல் வந்த உலகப் பிரசித்தமான ஒரு ரொக் பாட்டில் 'தெற்கு டெட்ரொயிட்' பெடியன் ஒருவன் வருவான். மைதானங்களில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டு. டெட்ரொயிட் நகர மையத்தில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது எங்கட விண்ட்சர்! ஆறு அந்த இடத்தில் வளைந்து போவதால் கனடா தெற்கிலும் அமெரிக்கா வடக்கிலும் வந்துவிட்டது. ஊரைப் பாராமலே பாட்டில் எழுதிவிட்டார்கள், ஆனாலும் டெட்ரொயிட் ஆட்கள் அந்த வரி வந்தவுடன் எழும்பி நின்று கத்துவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நான் போவது 1930இல் திறந்த சுரங்கப் பாதையால். நடுவில் சுவரில் இரண்டு கொடிகள் அருகருகே இருக்கும், அதுதான் எல்லை. விடிய ஐந்தரைக்கு அதைக் கடந்து வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சம். பதினோரு வருடமாக இரவும் பகலும் போய் வருகிறேன். கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன, எந்தப் பெரிய நகரிலும் இருக்கிற மாதிரி. ஆனால் என்னோடு வேலை செய்கிற டெட்ரொயிட் ஆட்கள் மாதிரி மனம் விட்டுப் பழகுகிற ஆட்களை நான் வேறு இடத்தில் காணவில்லை. போரால் இடிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். இடிந்த வீட்டைக் கண்டால் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, அதில் இருந்த சனம் இப்ப எங்கே என்ற நினைவுதான்.

தம்பி, அம்மாவுக்கு விருப்பம் என்றால் என்னோடு கதைக்கலாம். தனிமடலில் இலக்கம் அனுப்புகிறேன்.

ட்ராய்வாசி

ஆற்றங்கரை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை.

டெட்ராய்ட்டின் பழைய ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மிஷிகன் சென்ட்ரல், 1913இல் திறந்தது, மேலே 18 மாடி. 1988 ஜனவரியில் கடைசி ரயில் போனது. அதன்பின் 30 வருடம் ஜன்னல் எல்லாம் உடைந்து நின்றது. டெட்ராய்ட் பற்றி எந்தப் பத்திரிகையில் கட்டுரை வந்தாலும் மேலே அதன் படம்தான் இருக்கும். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' முதல் பாகத்தில் அங்கே சண்டை போட்டார்கள், பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படத்திலும் அது வந்தது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தது. அப்போது நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. அந்த நிலையத்திலிருந்த பழைய கடிகாரம் ஒன்றை யாரோ பல வருடம் முன்பு எடுத்துப் போயிருந்தார்கள். செய்தி வந்ததும் பெயர் சொல்லாமல் ஒருவர் ஃபோன் செய்து, அதைத் திருப்பி வைத்துவிட்டேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இடம் சொன்னார். போய்ப் பார்த்தால் கடிகாரம் இருந்தது.

2024 ஜூனில் திறந்தார்கள். டயானா ராஸ் பாடினார், எமினெம் வந்தார். அந்த வாரம் பொதுமக்களை உள்ளே விட்டபோது மகளோடு போனேன். என் முன்னால் நின்றிருந்த பெரியவர் காத்திருப்பு மண்டபத்துக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அலபாமாவிலிருந்து அப்பா அம்மாவோடு ரயிலில் வந்து இறங்கியது இங்கேதான் என்று பக்கத்தில் இருந்த பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கூரை முழுக்கச் சுத்தம் செய்து சரிசெய்த ஓடுகள். அவர் அதைப் பார்க்கவே இல்லை, தரையில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்கோடு சொன்ன தெருவிளக்குகளும் இப்போது எரிகின்றன, 2016 முடிவதற்குள் 65,000 புது விளக்குகள் போட்டுவிட்டார்கள். 1957க்கு அப்புறம் முதல் முறையாக 2023இல் ஜனத்தொகை கொஞ்சம் கூடியது. எல்லாத் தெருவுக்கும் இந்த நல்ல காலம் வந்துவிடவில்லை. அந்த அம்மாவின் தெருவில் இன்னும் மூன்று வீடுதான்.

பழைய ரீல்

அம்மாவுக்குக் காட்ட இரண்டு சொல்கிறேன். ஒன்று, 2011 சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது வந்த கிரைஸ்லர் கார் விளம்பரம். இரண்டே நிமிடம். எமினெம் இரவில் நகருக்குள் கார் ஓட்டி வருவார், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் முஷ்டிச் சிலை வரும், மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா 1932-33இல் தொழிலாளிகளை வரைந்த சுவரோவியங்கள் வரும், கடைசியில் ஃபாக்ஸ் தியேட்டர் மேடையில் சர்ச் பாடகர் குழு நிற்கும். கார் விற்க எடுத்ததுதான், இருந்தாலும் அந்த ஊர் ஜனங்கள் அதைப் பார்த்து அழுதார்கள். அந்த ரிவேரா ஓவியங்கள் உங்கள் கல்லூரிக்குப் பக்கத்து அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. நகரம் திவாலானபோது அங்கிருக்கும் ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார்கள். அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் போட்டுக் காப்பாற்றின.

இரண்டாவது 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்', 2012இல் வந்த ஆவணப்படம். டெட்ராய்ட்டில் வீடு இடிக்கும் கூலி வேலை செய்துகொண்டிருந்த ரோட்ரிகஸ் என்ற பாடகர், தான் தென்னாப்பிரிக்காவில் எவ்வளவு புகழோடு இருக்கிறோம் என்பதே தெரியாமல் வாழ்ந்த கதை. பனியில் அவர் நடந்து வரும் காட்சி ஒன்று உண்டு. முழுசாகப் பாருங்கள்.

மலைக்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன்.

ஆற்றங்கரை அக்கா அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசினார். விளம்பரத்தை அம்மா இரண்டு முறை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. மிட்டாய் இயந்திரக் கதையைச் சொன்னபோது, "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார். பெரிய பாடகராக இருக்கிறார் என்றேன். மறுநாள் விசாவுக்கு எந்தக் கோயிலில் அர்ச்சனை வைக்கலாம் என்று அவரே பேச்சை எடுத்தார்.

போன சனிக்கிழமை ஆற்றங்கரை நடைபாதைக்குப் போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எதிர்க்கரையில் தெரிவது கனடா, அந்த அக்கா அங்கேதான் இருக்கிறார் என்று காட்டினேன். அம்மா கை கூப்பினார். கம்பி வேலி ஓரமாக நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், வாளியில் மூன்று மீன் வைத்திருந்தார். அம்மாவிடம் காட்டட்டுமா என்று கேட்டதும் வாளியைத் தூக்கிப் பிடித்து ஃபோனைப் பார்த்துக் கையசைத்தார்.

"என்ன மீனு, முள்ளு அதிகமான்னு கேளு" என்றார் அம்மா. கேட்டேன். பெர்ச், முள் சின்னதுதான், நன்றாக மொறுமொறுவென்று பொரித்தால் தெரியாது என்றார். அவருடைய அம்மா சோள மாவில் புரட்டிப் பொரிப்பாராம். எங்கள் வீட்டில் மிளகாய்த் தூளும் மஞ்சளும் தடவி ஊற வைப்போம் என்று அம்மா சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று அவர் கேட்டார். அம்மா, "அரை மணி நேரமாவது ஊறணும், அவசரப்படக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.